பொட்டு வைத்த டேப்

சுமலதாவின் தோளில் தொங்கும் நீலப் பையைப் பார்த்தால் எவரும் சாப்பாட்டுப் பை என்றுதான் நினைப்பார்கள். சாப்பாட்டு டப்பாவும் அதில் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு மேலே இன்னொரு எவர்சில்வர் டப்பா இருக்கும். அதற்குள் துணி சுற்றிய கறுப்பு டேப் ஒன்று. பழைய பாட்டு கேசட்டைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அதுதான். எங்கள் கம்பெனி முழுவதும் அதற்குள்தான் அடங்கியிருந்தது.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு கியர் செய்கிற கம்பெனி எங்களுடையது. எந்த கியரை எந்த மெஷினில் எப்படி வெட்ட வேண்டும் என்ற புரோகிராம், வாடிக்கையாளர் சொன்ன அளவு மாற்றம், அளந்து பார்த்த ரிப்போர்ட் எல்லாம் ஒரே சர்வரில் கிடந்தன. தினமும் சாயங்காலம் அதை டேப்பில் நகல் எடுத்து, கம்பெனிக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும். இங்கே தீப்பிடித்தாலும் அங்கே ஒன்று இருக்கும் என்பது கணக்கு. அந்த 'அங்கே' சுமலதாவின் வீடு. ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறி, உத்தனப்பள்ளியில் இறங்கி, பீரோவின் மேல் தட்டில் அவள் அதை வைப்பாள். மறுநாள் அடுத்த டேப்.

நான் ருக்மணி. புரொடக்ஷன் பிளானிங். அவளுக்குப் பக்கத்து மேஜை. எனக்குக் கோபம் சட்டென்று வரும், அவளுக்கு வரவே வராது. அதனால் அவளுக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சுமலதாவின் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். அந்த வீட்டில் முதலில் படித்தவள் இவள்தான். பர்கூர் காலேஜில் கம்ப்யூட்டர் படித்து, எங்கள் கம்பெனியில் சேர்ந்து, சர்வர் ரூமைத் தனியாகப் பார்த்துக்கொண்டாள். அப்பா போன பிறகு அவள் அம்மா பூவம்மாள் சாமல்பட்டியில் தனியாக இருந்தார். சுமலதா போவாள். காலையில் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் ஓடுகிற கம்பெனி, டேப்புக்கும் லீவு கிடையாது. வேறு யார் கையிலும் அதைக் கொடுக்கக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். அம்மா வீட்டில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து வருஷக்கணக்காகிவிட்டது அவளுக்கு.

ஒருமுறை முதலாளி சென்னப்பனிடம் கேட்டே பார்த்தாள். அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ரெண்டு நாளு மட்டும் வேற யாராச்சும் எடுத்துக்கிட்டுப் போகட்டுமா சார்?"

"ஒரு டப்பாதானேம்மா. தூக்கிக்கிட்டுப் போறதுல என்னா கஷ்டம் உனக்கு?" என்றார் அவர், முகத்தில் உண்மையாகவே ஆச்சரியத்தோடு.

சென்னப்பன் கெட்டவர் இல்லை. ராகி போட்டுக்கொண்டிருந்த குடும்பம், நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு லேத் மெஷினோடு ஆரம்பித்தவர். கண்ணால் பார்த்து, கையால் தொட முடிகிற பொருளைத்தான் நம்புவார். அவர் மகள் சுவாதி அதற்கு நேர் எதிர். பெங்களூரில் படித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் விஷயம், டேப்பை மூட்டை கட்டுங்கள், இன்டர்நெட் வழியாக வெளியே ஒரு கம்பெனியிடம் நகலை வைத்துவிடலாம் என்பதுதான்.

"நம்ம சாமானை எவனோ வூட்டுல கொண்டுபோய் வெச்சிட்டு, வேணும்னா குழாய் வழியா வாங்கறதா?" என்றார் அப்பா.

"டேப்பு மட்டும் என்னப்பா, தூசி பட்டாலே போச்சு. அதைப் படிக்கிற டிரைவு நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது படுத்துச்சுன்னா?" என்றாள் மகள்.

வாரக்கணக்கில் இழுத்த பிறகு, பாரத்தை இருவரும் சுமலதாவின் தலையில் இறக்கினார்கள். ஆயுத பூஜை வரை இரண்டையும் ஓட்டிப் பார், பூஜை முடிந்ததும் எது என்று நீ சொல், நீ சொல்வதுதான் முடிவு என்றார்கள். சுவாதி அந்த நம்பிக்கையில் புது டேப் வாங்குவதை நிறுத்திவிட்டாள். இருந்த டேப்களிலேயே மேலே மேலே எழுதிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் முழு நகல் ஒரே ஒரு டேப்பில், வாரத்துக்கு ஒருமுறை. மற்ற டேப்களில் அந்த வருஷத்துக் கோப்புகள் மட்டும்.

இன்டர்நெட்டில் முதல் முழு நகல் ஏறுவதற்கே பல நாள் பிடித்தது. பழைய வருஷங்களிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஊர்ந்துகொண்டிருந்தது. சுமலதா டீ குடிக்கும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நெட்டு வந்துட்டா சாமல்பட்டிக்குப் போய் ரெண்டு நாளு தூங்கப் போறேன்கா" என்றாள் என்னிடம். அவள் மனசு எந்தப் பக்கம் என்று அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் கம்பெனிக்கு உள்ளே வந்து பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போய் மெஷின்கள் மாப்பிள்ளைக் களையோடு நிற்கும். வாழைக்கன்று, மாவிலை, ஒரு படி பொரி, உடைக்கப் பூசணிக்காய். எங்கள் கம்பெனியில் இன்னொரு பழக்கமும் உண்டு. அவரவர் தொழில் கருவியை அவரவரே கொண்டுவந்து சாமி முன்னால் வைக்க வேண்டும். அளவு பார்க்கிறவர் மைக்ரோமீட்டரை வைப்பார், வெல்டர் முகமூடியை வைப்பார், நான் கால்குலேட்டரை வைப்பேன். சுமலதா அந்த வருஷம் வீட்டிலிருந்த டேப் அத்தனையையும் பையில் போட்டுக் கொண்டுவந்தாள்.

"இதுதானேக்கா என் ஆயுதம். அடுத்த வருஷம் இருக்குமோ இருக்காதோ" என்றாள்.

துப்புரவு வேலை செய்யும் ரங்கம்மா சந்தனக் கிண்ணமும் குங்குமத் தட்டுமாக வந்தார். டேப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம் தாயி?"

"எந்தப் பக்கம் வேணா வைங்கக்கா. நல்லா வைங்க. சர்வர் ரூம்ல டிரைவுக்கும் வெச்சிடுங்க."

ரங்கம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தார். கடைசி டேப்புக்கு வரும்போது கிண்ணம் காலி, அதற்கு மட்டும் ஒரு சின்னப் பொட்டோடு சரி. டேப் உள்ளே போகும் டிரைவின் வாய்க்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று விரல் பட்டை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, நான்கூட நன்றாக இருக்கிறது என்றேன்.

கற்பூரம் காட்டியதும் மெயினை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி நல்ல நேரத்தில்தான் மறுபடி மின்சாரம். அதுவரை எதுவும் ஓடக் கூடாது. சுமலதா முதலாளியிடம் போய் நின்றாள்.

"சார், நெட்டுல இன்னும் கொஞ்சம்தான் ஏறணும். சர்வர் ரூமுக்கு மட்டும் கரண்டு இருக்கட்டும் சார்."

பட்டு வேட்டியும் கையில் கற்பூரத் தட்டுமாக நின்றவர் சிரித்தார். "வருஷத்துல ஒரு நாளு அதுக்கும் ஓய்வு குடும்மா."

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லி வாங்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

விஜயதசமி காலையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. சர்வர் மட்டும் டிக் டிக் என்றது. கொஞ்சம் நின்று மறுபடி டிக் டிக். அதன் டிஸ்க்குகள் வாங்கிய நாள் முதல் நிற்காமல் சுற்றியவை. பல வருஷம் உழைத்த மிக்ஸியை ஒரு வாரம் சும்மா வைத்துவிட்டுப் போட்டால் சுற்றாமல் முனகுமே, அப்படி முனகின. சூடு ஆறியதும் அவற்றுக்கு மறுபடி எழுந்திருக்கத் தெரியவில்லை. சுமலதா என்னென்னவோ செய்து பார்த்தாள், எழவில்லை.

சென்னப்பன் அப்போதும் பதறவில்லை. "அதுக்குத்தானே டேப்பு வெச்சிருக்கோம்? போடும்மா" என்றார்.

வேறொரு கம்ப்யூட்டரில் டிரைவை மாட்டி, முழு நகல் இருந்த டேப்பைத் துடைத்து உள்ளே தள்ளினாள். டிரைவு அதை இழுத்துக்கொண்டது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம், மண் விழுந்த சோற்றை மெல்லுகிற மாதிரி. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. டேப் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பார்த்தேன். காய்ந்த சந்தனச் செதிலும் குங்குமமும் டிரைவின் தொண்டை வரை போயிருந்தன, அதில் நாடா கசங்கிச் சிக்கியிருந்தது.

"எவ வெச்சது இதை?" என்று சத்தம் போட்டார் சென்னப்பன். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்த ரங்கம்மாவின் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். அவர் கான்ட்ராக்ட் ஆள். 'நாளையிலிருந்து வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ரங்கம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைக் கூப்பினார்.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று எழுந்தாள் சுமலதா. "வீட்டுல இருந்ததை எடுத்துக்கிட்டு வந்தது நான். டிரைவுக்கும் வைங்கன்னு சொன்னதும் நான்தான்."

அதோடு நிறுத்திக்கொண்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"மெயினை ஆஃப் பண்ணச் சொன்னது யாரு சார்?" என்று கேட்டுவிட்டேன்.

 சென்னப்பன் என்னைப் பார்க்கவில்லை, சுமலதாவைத்தான் பார்த்தார். "புனேக்காரன் சரக்கு நாளை மறுநாள் லாரி ஏறணும். போன தடவை அளவு தப்புன்னு திருப்பி அனுப்புனான். இன்னொரு தடவை திரும்புனா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அந்த புரோகிராம் திரும்ப வந்தா நீ உள்ள வா. வரலைன்னா வராதே."

சுவாதி அதற்குள் இன்டர்நெட் நகலை வைத்திருக்கும் பெங்களூர் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டாள். இன்டர்நெட்டில் ஏறியிருந்தது போன வருஷம் வரைக்கும்தான். அதற்கு மேல் ஏறுவதற்குள் பூஜை வந்து மெயின் நின்றுவிட்டது. போன வருஷத்து புரோகிராம்களை இறக்கலாம், மெஷினை ஓட்டவும் ஓட்டலாம். ஆனால் புனேக்காரர்கள் திருப்பி அனுப்பிய அதே பழைய அளவில்தான் கியர் விழும். திருத்திய அளவு இந்த வருஷத்துக் கோப்பில். அது இருந்தது பொட்டு வைத்த மற்ற டேப்களில். படிக்க டிரைவு இல்லை.

"அத்திப்பள்ளியில பாலாஜி இருக்கான்கா" என்றாள் சுமலதா. பர்கூரில் அவளோடு படித்தவன், ஒரு பிளாஸ்டிக் கம்பெனியின் சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்கிறவன். அவனிடம் இதே மாதிரி டிரைவு இருந்தது. என் ஸ்கூட்டியில் அவளை ஏற்றிக்கொண்டேன். நீலப் பையைக் கைக்குழந்தை மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி தாண்டும் வரை லாரிகள் நகரவே இல்லை. எனக்கு வாயில் வந்த அத்தனை வசவையும் லாரிக்காரர்களுக்குக் கொடுத்தேன். 

அங்கே கேட் பூட்டியிருந்தது. "இவத்து ரஜா" என்று, இன்றைக்கு லீவு என்று கையை விரித்தார் காவலாளி. சுமலதா கன்னடத்தில் கெஞ்சினாள். பிறகு போன் போட்டாள். வீட்டில் விருந்தில் உட்கார்ந்திருந்த பாலாஜி பாதி இலையில் எழுந்து வந்தான், பாவம். வந்தவன் டேப்பைக் கையில் வாங்கிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"சுமா, இதை என் டிரைவுல போடச் சொல்றியா? உனக்கு ஆன மாதிரி எனக்கும் ஆச்சுன்னா நாளைக்கு நான் எங்க போய் நிக்கறது?"

"ஏன், உங்க கம்பெனியில சாமியே கும்பிட மாட்டீங்களா?" என்று நான் பாய்ந்தேன்.

"கும்பிடுவோங்க மேடம். சர்வர் ரூம் கதவுக்குப் பொட்டு வெப்போம். உள்ள யாரையும் விட மாட்டோம்."

சுமலதா என் கையைப் பிடித்து அழுத்தினாள், வாயை மூடு என்று. வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து, பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி, ஒவ்வொரு டேப்பாகத் துடைத்தாள். டேப்பின் ஓரத்தில் சின்னக் கதவு ஒன்று உண்டு, அதைத் திறந்தால் நாடா தெரியும். முதல் டேப்பில் அந்தக் கதவுக்கு உள்ளேயும் சிவப்பு இருந்தது. அதை அவளே ஒதுக்கி வைத்தாள். அடுத்தது. அதிலும் ஒரு பொடி தெரிந்தது. அதையும் ஒதுக்கினாள்.

"இதெல்லாம் நானே போட மாட்டேன் பாலாஜி. உன் டிரைவும் போயிடும்."

மிஞ்சியது ஒன்று. கிண்ணம் காலியானதால் சின்னப் பொட்டு மட்டும் வாங்கிய டேப். கதவைத் திறந்து டார்ச்சை அடித்தாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அப்புறம் அவனிடம் நீட்டினாள். அவன் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். தனக்குக் கெட்டது என்று தெரிந்ததைத் தானே ஒதுக்கி வைத்தவளை நம்பாமல் இருக்க அவனாலும் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"ஒரே ஒரு தடவை. சத்தம் மாறுச்சுன்னா உடனே வெளிய எடுத்துடுவேன்."

டேப் உள்ளே போனது. பச்சை விளக்கு மினுக்கியது. உள்ளே நாடா ஓடும் மெல்லிய சத்தம் கேட்டது. திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம், நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் யாரும் உட்காரவில்லை. பாதி வந்திருக்கும், சத்தம் நின்றது. பாலாஜியின் விரல் வெளியே எடுக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது.

"இரு இரு" என்றாள் சுமலதா.  "பின்னால சுத்திட்டுத் திரும்ப வருது. கொஞ்சம் இரு."

அவன் விரலை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. எனக்கு எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை, பொட்டு வைத்ததே சாமிக்காகத்தானே. நாடா பின்னால் சுற்றியது, நின்றது, மறுபடி முன்னால் ஓடியது. அடுத்த பெயர் திரையில் வந்தது. அதற்கடுத்தது. புனே கியரின் பெயர் வந்தபோது சுமலதா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும்தான்.

சாயங்காலம் கம்பெனிக்குத் திரும்பும்போது, பழைய வருஷத்துக் கோப்புகளில் அவசரமானதை சுவாதி இன்டர்நெட்டிலிருந்து இறக்கி வைத்திருந்தாள். இரண்டையும் சேர்த்து, திருத்திய புரோகிராமை மெஷினில் ஏற்றினார்கள். முதல் கியரை அளந்தவர் சரி என்று தலையாட்டினார். சென்னப்பன் அந்த கியரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சுமலதாவின் மேஜைக்கு வந்தார்.

"சாப்டியாம்மா?" என்றார்.

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை உண்டு என்பதையே அந்த மனிதர் கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்று எனக்கு எரிந்தது. சுமலதா, சாப்பிடவில்லை சார் என்றாள். அவர் வீட்டிலிருந்து விருந்துச் சாப்பாடு வந்தது. ரங்கம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் அவள் சாப்பிட்டாள்.

லாரி சொன்ன நாளில் போனது. அதற்கப்புறம் சென்னப்பனின் அறையில் கூடினோம். அப்பாவும் மகளும் அவரவருக்கு வேண்டியதை மட்டும் பாடமாகப் படித்திருந்தார்கள். கடைசியில் காப்பாற்றியது டேப்தான் என்றார் அப்பா. கெடுத்ததே டேப்தான், நெட் மட்டும் முழுதாக ஏறியிருந்தால் இந்த ஓட்டமே இல்லை என்றாள் மகள். எது என்று நீ சொல்லு என்று இருவரும் சுமலதாவைப் பார்த்தார்கள்.

 நெட் போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு விடுதலை. அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்பதும் எனக்குத் தெரியும்.

"ரெண்டும் வேணும் சார். நெட்டு அறுந்தா டேப்பு, டேப்பு கெட்டா நெட்டு. ஒண்ணை மட்டும் நம்பச் சொல்லி என்னால சொல்ல முடியாது."

போச்சு, மறுபடி பை என்று நான் பல்லைக் கடித்தேன். அப்போதுதான் அவள் நீலப் பையைத் திறந்தாள். எவர்சில்வர் டப்பாவை எடுத்து முதலாளியின் மேஜை மேல் வைத்தாள்.  தன் சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்துக்கொண்டு, காலிப் பையையும் பக்கத்தில் வைத்தாள்.

"இனிமே டேப்பு உங்க வூட்டுக்குத்தான் போகணும் சார். பூஜை ரூம்ல மட்டும் வெச்சிடாதீங்க."

சுவாதி முதலில் சிரித்தாள். சென்னப்பன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அடுத்த பூஜைக்கு அந்த ரூமுக்கு மட்டும் மெயினை நிறுத்த வேண்டாம், தனியாக ஒயர் இழுத்துவிடு என்றார். புது சர்வரும் டிரைவும் வந்ததும், சாயங்காலம் டேப் மாற்றுகிற வேலையை சுவாதி கற்றுக்கொண்டாள்.

தீபாவளி கழிந்து சுமலதா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சாமல்பட்டிக்குப் போனாள். இரண்டு ராத்திரி. இரண்டாம் நாள் பூவம்மாள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது போன் வந்ததாம், முதலாளியிடமிருந்து.

"ஏம்மா, சேலத்துல சொந்தக்காரங்க கல்யாணம். நானும் சுவாதியும் போயே ஆகணும், ராத்திரி அங்கதான் தங்கணும். இந்த டப்பாவை வெச்சிக்கிட்டு எங்கம்மா போறது? வேற யார் கையிலயும் குடுக்கவும் மனசு வரலை. நீ கொஞ்சம் வந்து எடுத்துக்கிட்டுப் போறியா?"

தலைமுடி அம்மாவின் கையில் இருந்ததால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்திருக்கத் தோன்றவும் இல்லை என்றாள் என்னிடம்.

"ஒரு டப்பாதானே சார். கையிலயே எடுத்துக்கிட்டுப் போங்க."

அந்தப் பக்கம் டப்பாவை மேஜை மேல் வைக்கிற சத்தம் கேட்டதாம். பிறகு, "ஆமாம்மா. நீ தூங்கிட்டு வா" என்று வைத்துவிட்டாராம்.

அந்தக் கல்யாணத்தில் எடுத்த போட்டோவை சுவாதி எனக்குக் காட்டினாள். முன் வரிசையில் பட்டு வேட்டியோடு சென்னப்பன் உட்கார்ந்திருக்கிறார். அட்சதை போட ஒரு கையைத்தான் தூக்கியிருக்கிறார். இன்னொரு கை மடியில் இருந்த நீலப் பையைப் பிடித்திருந்தது.